தகரக் கூரையின் கீழ் ஒரு தனிப்பாடல்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் பேசுவதே கேட்காது. அதனால் மழை ஓய்ந்த நள்ளிரவுகளில், சுற்றிலும் கம்பளிகளைத் தொங்கவிட்டுக் குரலைப் பதிவு செய்தேன். அது நன்றாகவே வந்தது. வினை வேறு இடத்தில் இருந்தது.

பாட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்ற ஆசையில் ஒலியின் உச்சங்களை எல்லை தாண்டாமல் அமுக்கும் லிமிட்டரை அழுத்தி, சராசரி ஒலியளவை மைனஸ் 7 லஃப்ஸ் வரை ஏற்றிவிட்டேன். லஃப்ஸ் என்பது காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு; சுழியை நெருங்க நெருங்க உரப்பு கூடும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் வழக்கமாக ஏறத்தாழ மைனஸ் 14க்கு இறக்கித்தான் ஒலிக்கவிடும். வெளியீட்டுக்கு முன் என் பாட்டை 7 டெசிபல் குறைத்து, எனக்குப் பிடித்த வேறொரு பாட்டின் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். நெஞ்சே கனத்துவிட்டது. தவிலின் முதல் அடி, பஞ்சு மூட்டையில் விழுந்ததுபோல் மொத்தென்றிருந்தது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வோர் அடியின் உச்சியும் கவாத்து செய்த தேயிலைச் செடிபோல் தட்டையாக இருந்தது.

லிமிட்டரைக் கழற்றிவிட்டு, குரலையும் வாத்தியங்களையும் சேர்க்கும் கலவையை முதலிலிருந்து தொடங்கினேன். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழிருந்த உறுமலை வெட்டியதும் தவிலுக்கு இடம் கிடைத்தது. உச்ச அளவு மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் நிறுத்தினேன். எம்பி3 போன்ற வடிவங்களுக்கு மாறும்போது உச்சங்கள் கொஞ்சம் எகிறும்; அதற்காக விட்ட இடம் அது. வெளியீட்டை இரண்டு வெள்ளிக்கிழமைகள் தள்ளிவைத்தேன்.

புதிய கோப்பை அம்மாவின் கைபேசியில் போட்டேன். அடுப்பிலிருந்து திரும்பி, "இப்போதுதான் தவில் கேட்கிறது" என்றார்.