பழைய வேக என்ஜினுக்கு ஒயில் தேர்ந்தெடுப்பது எப்படி? முதலில் கேமைப் பாருங்கள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாமாவின் டட்சன் 1200 காரின் என்ஜினை முழுமையாகத் திருத்தினோம். புதிய கேம் ஷாப்ட் (வால்வுகளைத் திறக்கும் முட்டை வடிவக் கேம்கள் உள்ள தண்டு), புதிய டப்பட்டுகள் (கேமின் தள்ளலை வால்வுப் பக்கம் கடத்தும் பாகங்கள்), வேகமாக ஓட வேண்டும் என்ற ஆசையில் வழமையைவிட இறுக்கமான வால்வு ஸ்பிரிங்குகள். ஒயிலை மட்டும் நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. கராஜில் இருந்த 5டபிள்யூ-30 என்ற ஐதான ரக ஒயில் கானைத் திறந்து ஊற்றிவிட்டார்கள். புத்தம் புதிய ஒயில், விலையும் கூடியது. கந்தளாய்க்கு நான்கு தடவை போய் வருவதற்குள் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் தொடங்கியது. வால்வு இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையில் விடும் சிறு இடத்தை, சரிசெய்தோம். இரண்டு வாரத்தில் அதே வால்வில் இடைவெளி மீண்டும் கூடியிருந்தது. கடைசியில் கேம் ஷாப்டைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு கேமின் மூக்கு தேய்ந்து, முட்டை வடிவம் போய் வட்டமாகிவிட்டிருந்தது.

அந்த ஒயில் மோசமானதல்ல, வேறு வகை என்ஜினுக்காகச் செய்யப்பட்டது. எங்களுக்கு நேர்ந்த நட்டம் உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதைப் படிப்படியாக எழுதுகிறேன். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். பெரும்பாலானோர் நான்காம் படியில் வரும், ஒயிலில் கலக்கும் சேர்மானப் போத்தலில் தொடங்குகிறார்கள். பணம் வீணாவது அங்கேதான்.

படி 1: உங்கள் என்ஜினில் கேம் எதன்மீது உரசுகிறது?

என்ஜினுக்குள் ஒயில் வேலை செய்யும் இடங்கள் பல. பேரிங்குகளில் ஒயில் ஒரு படலமாக நின்று உலோகத்தை உலோகம் தொடாமல் காக்கிறது. கேமின் மூக்கு டப்பட்டை அழுத்தித் தள்ளும் இடத்தில் அழுத்தம் மிக அதிகம், தொடும் பரப்போ மிகச் சிறியது. அங்கே ஒயில் படலம் நசுங்கிவிடும். அந்த நொடியில் காப்பது ஒயிலில் கரைந்திருக்கும் ஒரு வேதிப்பொருள்: சிங்க் டைஅல்கைல் டைதயோபொஸ்பேட், சுருக்கமாக இசட்டிடிபி. உரசலின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இது சிதைந்து, உலோகத்தின்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பொஸ்பேட் பூச்சாகப் படிகிறது. உரசும்போது அந்தப் பூச்சுத்தான் தேயும். தேய்ந்த இடத்தில் ஒயிலிலிருந்து புதிய பூச்சு படியும். இரும்பு தப்பிவிடும்.

இந்தப் பூச்சு எவ்வளவு தேவை என்பது என்ஜினின் அமைப்பைப் பொறுத்தது.

மொரிஸ் மைனர், மினி, டட்சன் 1200 போன்றவற்றில் கேம் ஷாப்ட் என்ஜினின் அடிப்பகுதியில் இருக்கிறது. தட்டையான டப்பட் கேமின்மேல் உரசி, தள்ளுகோல் வழியாக வால்வைத் திறக்கிறது. இவற்றுக்கு இசட்டிடிபி மிகவும் தேவை. பழைய லான்சர் 1600 போன்றவற்றில் கேம் மேலே இருந்தாலும் ரொக்கர் கை (வால்வை அழுத்தும் நெம்பு) அதன்மேல் உரசித்தான் நகர்கிறது. இவற்றையும் அதே கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டொயோட்டாவின் 16 வால்வு 4ஏ-ஜிஇ என்ஜினில் கேம் ஒரு கிண்ணம் போன்ற டப்பட்டை நேராக அழுத்துகிறது. அங்கும் உரசல் உண்டு. ஆனால் வால்வுகள் சிறியவை, இடையில் ரொக்கர் கையும் தள்ளுகோலும் இல்லை. ஆகவே ஸ்பிரிங்கை மாற்றாதவரை பொருத்தமான நல்ல ஒயிலே போதும். உருளை பொருத்திய ரொக்கர் கைகள் உள்ள என்ஜின் என்றால் இந்தக் கவலை மிகக் குறைவு.

ஸ்பிரிங்கை இறுக்கமானதாக மாற்றியிருந்தால், அல்லது வால்வைக் கூடுதலாகத் தூக்கும் கேம் போட்டிருந்தால், உங்கள் என்ஜினின் தேவை ஒரு படி மேலே போகிறது. இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கேட்கமாட்டார், நீங்களாகச் சொல்ல வேண்டும்.

படி 2: தடிப்பைத் தீர்மானியுங்கள்

20டபிள்யூ-50 என்பதில் முதல் எண் குளிரில் ஒயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டுகிறது. 20டபிள்யூ ஒயிலைச் சோதிப்பது பூச்சியத்துக்குக் கீழே 15, 20 பாகையில். திருகோணமலையில் மார்கழி மழையின் விடியலில்கூட நாம் அதற்குப் பக்கத்தில் போவதில்லை. ஆகவே முதல் எண்ணைத் தேடி இங்கே மேலதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது எண்தான் நமக்கு முக்கியம். அது 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒயிலின் தடிப்பு. 30 ரகம் 9.3 முதல் 12.5 சென்ரிஸ்ரோக் (தடிப்பின் அலகு), 40 ரகம் 12.5 முதல் 16.3, 50 ரகம் 16.3 முதல் 21.9. வைகாசியிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில், நிலாவெளி வீதியில் நண்பகலில் ஓடும் பழைய என்ஜினுக்கு 40 அல்லது 50 பொருந்தும். பேரிங் இடைவெளி இறுக்கமாகத் திருத்திய என்ஜினுக்கு 40, ஓடித் தேய்ந்த என்ஜினுக்கு 50 என்று தொடங்குங்கள். வாகனக் கைநூல் வேறொன்றைச் சொன்னால் கைநூலைக் கேளுங்கள்.

ஊகத்தைவிட அளவுமானி நல்லது. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஒயில் அழுத்தத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ இருந்தால் தடிப்பு சரி. அழுத்தம் மிக அதிகமாக இருப்பது பெருமையல்ல. தேவைக்கு மிஞ்சிய தடிப்பான ஒயில் ஒடுங்கிய வழிகளில் மெதுவாகவே போகும்.

மினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அதில் என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் ஒரே ஒயில். கியர்ப் பற்கள் ஒயிலின் தடிப்பைக் காக்கும் பொலிமர்களை அறுத்துவிடும். 20டபிள்யூ-50 போட்டு, 5,000 கிலோமீற்றருக்கு முன்பே மாற்றுங்கள்.

படி 3: லேபிளை வாசியுங்கள்

இசட்டிடிபியில் உள்ள பொஸ்பரஸ், புகைக்குழாயில் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வேர்ட்டரைக் காலப்போக்கில் செயலிழக்கச் செய்கிறது. அதனால் ஒயில் தரங்கள் அதன் அளவைக் குறைத்தன. 2004இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) எஸ்எம் தரம், 0டபிள்யூ-20 முதல் 10டபிள்யூ-30 வரையான ஐதான ரகங்களில் பொஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள், அதாவது 800 பிபிஎம்முக்குள் (பத்து இலட்சத்தில் 800 பங்கு) நிறுத்தியது. பின்னர் வந்த எஸ்என், எஸ்பி தரங்களும் அதையே தொடர்ந்தன.

'இப்போது வரும் எந்த ஒயிலிலும் சிங்க் இல்லை' என்று பலர் சொல்வது இதனால்தான். ஆனால் அது பிழை. 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற தடித்த ரகங்களுக்கு அந்த மேல் எல்லை பொருந்தாது. எனவே படி 2ஐச் சரியாகச் செய்தவர் பாதித் தூரம் வந்துவிட்டார். எல்லை இல்லை என்பதால் அளவு கட்டாயம் கூடுதலாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். உற்பத்தியாளரின் தரவுத் தாளில் பொஸ்பரஸ் அளவைத் தேடுங்கள். தட்டை டப்பட் என்ஜினுக்கு 1,000 முதல் 1,200 பிபிஎம் நல்ல எல்லை. தாளில் சிங்க் அளவு மட்டும் இருந்தால், பொஸ்பரஸ் அதைவிடச் சற்றுக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இன்று அந்தப் பக்கத்திலேயே மசகு எண்ணெய் கலக்கும் ஆலையும் இருக்கிறது. பஸ்களுக்கும் லொறிகளுக்கும் ஊற்றும் 15டபிள்யூ-40 நகரில் எங்கும் கிடைக்கும். அதன் லேபிளில் 'சிஐ-4/எஸ்எல்' என்று இரண்டு தரமும் சேர்ந்து இருந்தால் பெற்றோல் என்ஜினுக்கும் அதைப் பயன்படுத்தலாம். என் விருப்பத் தெரிவு அதுதான். 'சி' (டீசல் தரம்) மட்டும் இருந்து 'எஸ்' (பெற்றோல் தரம்) இல்லாவிட்டால் வாங்காதீர்கள். இந்த ஒயிலில் அழுக்கு நீக்கும் பொருள் அதிகம். பல ஆண்டு அழுக்கு படிந்த என்ஜினில் அது இளகி வரும் என்பதால், முதல் தடவை ஒயிலையும் பில்டரையும் 1,000 கிலோமீற்றரில் மாற்றிவிடுங்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு வழி வேறு. கிளட்ச் ஒயிலுக்குள்ளேயே மூழ்கியிருப்பதால் 'ஜாசோ எம்ஏ' என்ற குறி உள்ள ஒயில்தான் வேண்டும்.

படி 4: சேர்மானம் தேவையா? கணக்குப் போடுங்கள்

தரவுத் தாள் 1,000 பிபிஎம்முக்கு மேல் காட்டினால் சேர்மானம் வேண்டாம். படி இங்கே முடிந்தது.

காட்டாவிட்டால் ஒரு சிறு கணக்கு. 4 லீற்றர் ஒயிலின் எடை ஏறத்தாழ 3.5 கிலோ. 800 பிபிஎம் என்றால் அதில் 2.8 கிராம் பொஸ்பரஸ் இருக்கிறது. 1,100 பிபிஎம்முக்கு 3.85 கிராம் வேண்டும். குறைவது ஒரு கிராமுக்குச் சற்று மேல். சேர்மானத்தில் 1 சதவீதம் பொஸ்பரஸ் இருந்தால், ஏறத்தாழ 105 கிராம் ஊற்றினால் போதும். போத்தலில் பொஸ்பரஸ் எவ்வளவு என்று சொல்லாத சேர்மானத்தை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது. அதனால் அதை வாங்கவும் கூடாது.

'கொஞ்சம் கூட ஊற்றினால் இன்னும் பாதுகாப்பு' என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அளவு மிஞ்சினால் இசட்டிடிபியே இரும்பை அரிக்கத் தொடங்கும், எரிகலத்தில் சாம்பலும் படியும். கன்வேர்ட்டர் உள்ள காரில் அதன் ஆயுளும் குறையும். குளோரின் கலந்த சேர்மானங்கள் பேரிங்கை அரிக்கக்கூடியவை. டெஃப்லான் துகள் கலந்தவை பில்டரில் அடைக்கக்கூடும். இரண்டையும் தொடாதீர்கள்.

படி 5: புதிய கேமின் முதல் 20 நிமிடம்

எங்கள் டட்சனுக்கு ஒயில் மட்டுமே எமனாகவில்லை. முதல் ஓட்டத்தில் அரைமணி நேரம் அதை ஐடிலிங்கில் விட்டு, காபரேட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தோம். ஐடிலிங்கில் கேமுக்குத் தெறிக்கும் ஒயில் குறைவு, ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் மூக்கின்மேல் இறங்கும்.

சரியான முறை இது. பொருத்தும்போது கேமின் மூக்கிலும் டப்பட்டின் அடியிலும் மொலிப்டினம் கலந்த பசையைப் பூசுங்கள். எரிபொருள், தீப்பொறி நேரம், குளிர்நீர் எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிபாருங்கள். ஸ்டார்ட் ஆனவுடன் 2,000 சுற்றுக்கு உயர்த்தி, 20 நிமிடம் கீழே விடாமல் வைத்திருங்கள். எங்காவது கசிந்தால் என்ஜினை நிறுத்துங்கள், ஐடிலிங்கில் விட்டுப் பார்க்காதீர்கள். பின்னர் 500 கிலோமீற்றரில் அந்த ஒயிலை வடித்துவிடுங்கள்.

படி 6: கண்காணியுங்கள்

வடிப்புத் திருகில் ஒரு காந்தம் இருந்தால் நல்லது. அதில் பசை போன்ற கறுப்பு மை வழமையானது. மினுங்கும் செதில்கள் வழமையானவை அல்ல. பழைய பில்டரை வெட்டி, தாளை விரித்து வெயிலில் பாருங்கள்.

உவர்மலையிலிருந்து சந்தைக்கும் திரும்பவும் மட்டும் ஓடும் காரில் ஒயில் போதிய சூடு ஏறுவதில்லை. நீராவியும் எரியாத பெற்றோலும் அதற்குள் தங்கிவிடும். கிலோமீற்றர் ஏறாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வடித்த ஒயிலைக் கானில் அடைத்து, பழைய ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுங்கள். நம் வடிகால்கள் கடலில்தான் போய்ச் சேருகின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒவ்வொரு ஒயில் மாற்றத்திலும் வால்வு இடைவெளியை அளந்து, வால்வு வால்வாகக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எல்லா வால்வுகளும் கொஞ்சம் மாறினால் பயமில்லை. ஒரே ஒரு வால்வின் இடைவெளி மட்டும் திரும்பத் திரும்பக் கூடினால் அந்தக் கேமும் அதன் டப்பட்டும் தேய்கின்றன. என்ஜினை நிறுத்திக் கழற்றுங்கள், உலோகத்தூள் பேரிங்குகளுக்குப் போகுமுன்.

டட்சனுக்கு வேறு கேம் போட்டு, 15டபிள்யூ-40 ஊற்றி, இப்போது 11,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. போன ஞாயிறு மாமாவும் நானும் எட்டு வால்வுகளையும் அளந்தோம். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருந்த எண்களே மீண்டும் வந்தன.