சின்ன இன்வெஸ்ட்மென்ட் பேங்கிலிருந்து பிரைவேட் ஈக்விட்டிக்கு: நான் போன வழி

மும்பையில் பதினான்கு பேர் மட்டும் வேலை பார்த்த ஒரு இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் (கம்பெனிகளை விற்கவும் பணம் திரட்டவும் உதவும் நிறுவனம்) மூன்று வருடம் இருந்தேன். அங்கிருந்து ஒரு நடுத்தர பிரைவேட் ஈக்விட்டி ஃபண்டுக்குள் (பணம் திரட்டிக் கம்பெனிகளில் பங்கு வாங்கி, சில வருடம் கழித்து விற்று லாபம் பார்ப்பவர்கள்) நுழைய ஒன்றரை வருடம் பிடித்தது. நான்கு இடத்தில் நேர்காணல், மூன்றில் தோல்வி. அந்த மூன்றில் இரண்டு ஒரே தவறால் போனவை. அது மூன்றாவது படியில் வருகிறது. அவசரம் என்றால் நேராக அங்கே போய்விடுங்கள்.

இரண்டு சொல் அடிக்கடி வரும். எபிட்டா என்றால் வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம். ஐஆர்ஆர் என்றால் போட்ட பணம் வருடத்துக்கு எத்தனை சதவீதம் வளர்ந்தது என்ற கணக்கு.

படி 1: யாரிடம் கேட்பது

எல்லாரும் கிறிஸ்கேப்பிடல், கேதாரா, மல்ட்டிபிள்ஸ் என்று பெயர் பெற்ற ஃபண்டுகளில்தான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான். முயற்சி செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த வரிசையில் பெரிய பேங்குக்காரர்களும் கன்சல்டிங்காரர்களும் உங்களுக்கு முன்னால் நிற்பார்கள்.

மாற்று முதலீட்டு ஃபண்டுகளுக்கான 2012 விதிமுறைகளின்படி பதிவான ஃபண்டுகளின் பட்டியல், பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆயிரத்துக்கும் மேல் பெயர் இருக்கும். பிரைவேட் ஈக்விட்டி வருவது கேட்டகரி டூவில், அதை மட்டும் எடுங்கள். அதிலும் ரியல் எஸ்டேட், கடன் ஃபண்டுகள் கலந்து கிடக்கும், கழித்துவிடுங்கள். மிச்சத்தில் ஒவ்வொரு ஃபண்டும் எப்போது பணம் திரட்டியது என்று பாருங்கள். ஃபண்டுக்கு ஆயுள் பெரும்பாலும் எட்டிலிருந்து பத்து வருடம். முதல் பாதியில் பணம் போடுவார்கள், மறுபாதியில் எடுப்பார்கள். எடுத்துக்கொண்டிருக்கும் ஃபண்டு புது ஆளைத் தேடாது. புதிதாக ஃபர்ஸ்ட் க்ளோஸ் (பணம் திரட்டலின் முதல் சுற்று) முடித்ததாகச் செய்தி வந்தால் அன்றைக்கே மெயில் போடுங்கள். என் பட்டியல் கடைசியில் 23 பெயரில் வந்து நின்றது.

படி 2: டீல் ஷீட்

ரெஸ்யூமே ஒரு பக்கம், நீங்கள் வேலை பார்த்த டீல்களின் பட்டியலான டீல் ஷீட் ஒரு பக்கம். ஒவ்வொரு டீலுக்கும் துறை, தொகை, நீங்கள் செய்த வேலை, முடிந்ததா இல்லையா என்று நான்கே விஷயம் போதும். முடியாத டீலை மறைக்காதீர்கள். சின்ன பேங்கில் பாதி டீல் நடுவழியில் நிற்கும் என்பது எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். ஏன் நின்றது என்று இரண்டு வரியில் சொல்ல முடிந்தால், முடிந்த டீலைவிட அதுதான் நன்றாக எடுபடும். பெரிய பேங்கில் இருக்கும் உங்கள் வயதுக்காரர் கம்பெனி முதலாளியைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருப்பார். நீங்கள் அவர் வீட்டுக்குப் போய் மருமகனோடு சேர்ந்து கணக்கைப் பிரித்துப் பார்த்திருப்பீர்கள். அதை எழுதுங்கள்.

படி 3: கேஸ் ஸ்டடி (நான் விழுந்த இடம்)

நேர்காணலில் ஒரு தேர்வு இது: மூன்று மணி நேரம், ஒரு லேப்டாப், ஒரு கம்பெனியின் ஐந்து வருடக் கணக்கு. பணம் போடலாமா வேண்டாமா என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். எண்களைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன்.

பம்ப் தயாரிக்கும் கம்பெனி. விற்பனை 300 கோடி, எபிட்டா 40 கோடி, கடன் 60 கோடி. எபிட்டாவுக்குப் பத்து மடங்கு விலை என்றால் கம்பெனி மதிப்பு 400 கோடி. கடன் போகப் பங்குதாரர்களுக்கு 340 கோடி. அதில் கால் பங்கை, விலக நினைக்கும் ஒரு பங்காளியிடமிருந்து 85 கோடிக்கு வாங்குகிறோம். ஐந்து வருடத்தில் விற்பனையும் எபிட்டாவும் இரட்டிப்பாகும், கடன் முழுக்க அடையும், அதே பத்து மடங்குக்கு விற்போம் என்று போட்டேன். 800 கோடியில் நம் கால் பங்கு 200 கோடி. ஐஆர்ஆர் 18.7 சதவீதம். எக்செல்லில் அழகான மாடல், நிறமெல்லாம் போட்டு வைத்திருந்தேன்.

அந்த ஃபண்டின் பார்ட்னர் மாடலைத் திறக்கவே இல்லை. பேலன்ஸ் ஷீட்டில் ஒரு வரியைப் பேனாவால் தட்டி, டீலர்கள் எத்தனை நாளில் பணம் தருகிறார்கள் என்று கேட்டார். 120 நாள். 300 கோடி விற்பனையில் 120 நாள் என்றால் சுமார் 99 கோடி வெளியே நிற்கிறது. விற்பனை 600 கோடியானால் 197 கோடி நிற்கும். கூடுதலாக வேண்டிய அந்த நூறு கோடி எங்கிருந்து வரும் என்றார். என்னிடம் பதில் இல்லை. சரக்கிருப்பையும் சப்ளையர் பாக்கியையும் பார்த்தேன், அவை ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டன. ஆக, நூறு கோடி நூறு கோடிதான்.

மூன்று வருடம் கம்பெனியை விற்கிறவர் பக்கமே உட்கார்ந்த பழக்கம் இது. கிளையன்ட் கொடுத்த ஒர்க்கிங் கேபிடல் (வர வேண்டிய பாக்கியிலும் சரக்கிலும் முடங்கும் பணம்) எண்ணை அப்படியே ஒட்டிவிட்டு, எபிட்டாவை மட்டும் மெருகேற்றுவோம். வாங்குகிறவருக்கோ போட்ட பணம் எப்போது, எவ்வளவாகத் திரும்பும் என்பதுதான் கேள்வி. கடன் அடைவதற்குப் பதிலாக 100 கோடியில் நின்றால் நம் பங்கு 175 கோடி, ஐஆர்ஆர் 15.5. அந்த 175 கோடியே ஏழு வருடம் கழித்துத்தான் வருகிறது என்றால் 10.9. கடன் அதே 100 கோடியில் நிற்க, ஐந்தாம் வருடமே விற்று, ஆனால் எட்டு மடங்குதான் கிடைத்தால் 9.7. இந்த மூன்று எண்ணையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நான் வேலை வாங்கிய இடத்தில் கொடுத்த பதில் "இந்த விலைக்கு வேண்டாம்" என்பதுதான்.

பயிற்சிக்கு, ஐபிஓவுக்கு (முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்க) வரும் கம்பெனிகளின் டிஆர்எச்பியை, அதாவது அதற்கான வரைவு விவர அறிக்கையை எடுங்கள். செபி தளத்தில் இருக்கிறது. முழுக்கப் படிக்க வேண்டாம். மூலதன அமைப்பு பகுதியில் பழைய ஃபண்டுகள் எந்தத் தேதியில், என்ன விலைக்குப் பங்கு வாங்கின என்று இருக்கும். முதலாளியின் உறவினர் கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல் தனியாக இருக்கும். வாரத்துக்கு ஒன்று என்று இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். நான் பதினோரு டிஆர்எச்பி முடித்தேன். ஆறாவதிலிருந்துதான் கை பழகியது.

படி 4: கருவிகள்

விண்டோஸ் எக்செல், அவ்வளவுதான். மேக்கில் ஆல்ட் குறுக்குவழிகள் வேறு மாதிரி இருப்பதால் தேர்வு அறையில் கை தடுமாறும். ஐஆர்ஆர் ஃபார்முலாவை விட்டு எக்ஸ்ஐஆர்ஆர் போடுங்கள், பணம் வரும் தேதி தள்ளிப்போனால் அது காட்டிக்கொடுக்கும். லிஸ்டான கம்பெனிகளுக்கு ஸ்க்ரீனர் தளம் போதும். விலைக்கு விற்கும் எல்பிஓ (பெரும்பாலும் கடன் வாங்கிக் கம்பெனியை வாங்குவது) டெம்ப்ளேட்டுகளை வாங்காதீர்கள். பங்கு வாங்க வங்கிக் கடன் கொடுக்க இந்தியாவில் நீண்ட காலம் தடை இருந்ததால், பாடப்புத்தக எல்பிஓ இங்கே அபூர்வம். 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அதற்கு வழி திறப்பதாக அறிவித்தது. அதனால் கணக்குத் தெரிந்திருக்கட்டும், ஆனால் உங்கள் சனிக்கிழமைகளை எல்லாம் அதற்குக் கொடுக்காதீர்கள்.

படி 5: ஆஃபர்

சம்பளம் உங்களுக்கே தெரியும். கேரி, அதாவது ஃபண்டின் லாபத்தில் அதை நடத்துகிறவர்களுக்குக் கிடைக்கும் பங்கு பற்றி மட்டும் கேளுங்கள். லாபத்தில் 20 சதவீதம், 8 சதவீத ஹர்டிலுக்கு (முதலீட்டாளர்களுக்கு முதலில் கிடைக்க வேண்டிய வருமானம்) மேல் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. அதில் ஜூனியர்களுக்குப் பங்கு உண்டா, எந்த வருடத்திலிருந்து, நடுவில் வேலையை விட்டால் என்ன ஆகும் என்று கேட்டுவிடுங்கள். எனக்கு முதல் இரண்டு வருடம் ஒன்றுமில்லை.

பின்சேர்க்கை

லிஸ்டாகாத கம்பெனியின் கணக்கு எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்டார்கள். மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் (எம்சிஏ) தளத்தில் கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டினால் தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம்.

எம்பிஏ இல்லாமல் முடியுமா? நான் சிஏ. யாரும் கேட்கவில்லை.

நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் என்றால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். இதைக் கடைசியில் சொல்லி ஆஃபரை இழந்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார்.

டீல் ஷீட்டில் கிளையன்ட் பெயரைப் போடலாமா என்பது இன்னொரு கேள்வி. டீல் அறிவிக்கப்படாதவரை கூடாது. "தென்னிந்திய பம்ப் தயாரிப்பாளர்" என்று எழுதினால் போதும். பெயரைப் போட்டே அனுப்பிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் எந்த ஃபண்டுக்கு அனுப்பினாரோ, அது அந்தக் கிளையன்ட்டின் போட்டிக் கம்பெனியில் ஏற்கெனவே பங்கு வைத்திருந்தது.