சேலத்துக்கு ஒரு கணக்கெடுப்பு கேட்பது எப்படி

"சமூக அறிவியல் ஆய்வுக்கு அரசு கூடுதல் நிதி ஒதுக்க வேண்டும்" என்ற மனு எந்த மேசையிலும் தங்காது. ஓர் எண்ணைக் கேளுங்கள். அது இல்லாமல் எந்த முடிவு தேங்கிக் கிடக்கிறது என்பதை அடுத்த வரியில் எழுதுங்கள். செவ்வாய்ப்பேட்டை வட்டாரத்தில் வீட்டிலேயே கூலிக்கு வெள்ளிக் கொலுசு செய்வோர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை சதவீதம் பேர் நல வாரியத்தில் பதிந்துள்ளனர் என்பது நல்ல கேள்வி.

முதலில் இருப்பதைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதன்மைச் சுருக்கத்தில் தறிக்காரரும் கொலுசுக்காரரும் 'வீட்டுத் தொழில்' என்ற ஒரே கட்டத்தில் விழுகிறார்கள். அது ஏன் போதாது என்று மனுவில் சொல்லாவிட்டால், "புள்ளிவிவரம் ஏற்கெனவே உள்ளது" என்ற ஒரே வரியில் கோப்பை மூடிவிடுவார்கள்.

அடுத்து, புள்ளியியல் துறையின் மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இருக்கும் ஆவணத்தை மட்டுமே கேட்க முடியும். "ஏன் கணக்கெடுக்கவில்லை" என்று கேட்டால் தள்ளுபடிதான். "இத்தொழிலாளர் குறித்த கடைசி ஆய்வறிக்கையின் நகல்" என்று கேளுங்கள். "அப்படி ஆவணம் இல்லை" என்று பதில் வந்தால் வருத்தப்பட வேண்டாம்: அதைவிட நல்ல இணைப்பு மனுவுக்குக் கிடைக்காது.

பெரும்பாலான மனுக்கள் சறுக்குவது செலவுக் கணக்கில். 'எத்தனை பேர்' என்பதற்கு முதலில் தெருத் தெருவாக எல்லா வீடுகளையும் பட்டியலிட வேண்டும். இந்தச் செலவைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 'எத்தனை சதவீதம்' என்பதற்கு அந்தப் பட்டியலில் உள்ள கொலுசு செய்யும் வீடுகளிலிருந்து மாதிரி எடுத்தால் போதும். 95 சதவீத நம்பகத்தில் 5 புள்ளி பிழை வரம்புக்கு (நூறு முறை மாதிரி எடுத்தால் 95 முறை விடை உண்மையிலிருந்து 5 சதவீதப் புள்ளிக்குள் இருக்கும்) 385 வீடுகள். ஆனால் ஒரே தெருவின் வீடுகள் ஒன்றுபோல இருக்கும் என்பதால் அதை இரட்டிப்பாக்கி 770. பத்தில் ஒரு வீடு பதில் தராது என்று கொண்டால் சுமார் 860. நாளைக்கு ஒருவர் 6 வீடு முடித்தால் ஏறத்தாழ 143 ஆள் நாள். கூலி, பயிற்சி, மேற்பார்வை, தரவுப் பதிவு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு தொகை போடுங்கள். தொகை இல்லாத கோரிக்கையை எந்த பட்ஜெட் மதிப்பீட்டிலும் நுழைக்க முடியாது.

யாரிடம் கொடுப்பது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மத்தியப் பட்டியலில் இருக்கிறது. அதில் ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லி ஆட்சியரிடம் மனு தருவது வீண். மாநில அளவிலான தனி ஆய்வு என்றால் சென்னையில் திட்டம், வளர்ச்சித் துறைக்கு; நகலை மாநிலத் திட்டக் குழுவுக்கு. பட்ஜெட் வரும் பிப்ரவரி, மார்ச்சில் கொடுத்தால் தாமதம், செப்டம்பரிலேயே கொடுங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் தந்தால் மனு எண்ணை வாங்காமல் கிளம்பாதீர்கள்.

எம்.பி.க்கு எழுதும்போது தொகுதியைப் பாருங்கள். சேலம் மாவட்டம் என்பதால் எல்லாம் சேலம் தொகுதி ஆகிவிடாது: ஏற்காடு கள்ளக்குறிச்சியில், மேட்டூர் தர்மபுரியில், சங்ககிரி நாமக்கல்லில் வருகின்றன. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத் தொழிலாளர் பற்றிய கோரிக்கை என்றால் கிராம சபைத் தீர்மானம் வலு சேர்க்கும். தீர்மான எண்ணோடு நகல் வாங்குங்கள். இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் குறித்து என்றால் ஊட்டியிலுள்ள பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்துக்கும் ஒரு நகல். பெரியார் பல்கலைக்கழக ஆசிரியர் எவராவது முன்வந்தால், 1969இல் தொடங்கிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நிதிக்கு அவர் தனியே விண்ணப்பிக்கலாம்.

பணம் கேட்பதோடு நிறுத்த வேண்டாம். குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்று பார்க்கும் 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு களத்தில் முடிந்த பிறகும், தரம் போதாது என்று 2019 நவம்பரில் மத்திய அரசு அதன் முடிவுகளை வெளியிட மறுத்தது. எனவே அறிக்கை வெளியாகும் கடைசித் தேதி, கேள்வித்தாள், பெயரும் முகவரியும் நீக்கிய வீட்டுவாரித் தரவு ஆகிய மூன்றையும் அதே மனுவில் எழுதிக் கேளுங்கள்.