பழைய குரூசரை மலைச் சைக்கிளாக்குவது எப்படி: மாரின்காரர்கள் போன வரிசையில்

1979-இல் கலிஃபோர்னியாவின் மாரின் மாவட்டத்தில், சான் ஆன்செல்மோ ஊரில், கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். கையிலிருந்த முதல் சில நூறு டாலர். ஃப்ரேம் கட்டிக் கொடுத்தவர் டாம் ரிட்சி. முழுச் சைக்கிளின் விலை சுமார் 1,300 டாலர். ரிட்சியின் கைவேலையைத் தவிர்த்துப் பார்த்தால், அந்தச் சைக்கிளில் இருந்த பெரும்பாலான பாகங்கள் வேறு ஏதோ ஒரு வண்டிக்காகச் செய்யப்பட்டவை. பிரான்ஸின் மாஃபாக் பிரேக், டி.ஏ. கிராங்க்; ஜெர்மனியின் மகூரா மோட்டார்சைக்கிள் லீவர்; ஜப்பானின் சன்டூர் கியர். எது மலையில் நிற்கும், எது ஒடியும் என்று தெரிந்து பொறுக்கியதுதான் அந்தக் கம்பெனியின் உண்மையான மூலதனம். அந்த அறிவு அதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளில், 'கிளங்கர்' என்று அவர்கள் கூப்பிட்ட, பருத்த பலூன் டயர் போட்ட பழைய குரூசர் சைக்கிள்களை மலையிலிருந்து இறக்கி இறக்கி வந்தது.

அதே வரிசையில் ஒரு கிளங்கரை இன்றும் கட்டலாம். முதலில் பிரேக், பிறகு கியர், அப்புறம் சக்கரம், கடைசியில் வேண்டுமானால் ஃப்ரேமையே மாற்றுவது. இந்த வரிசையை மாற்றிக் கியரிலிருந்து ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். ஏறுவதற்கு வழி செய்துவிட்டு இறங்குவதற்கு வழியில்லாமல் நிற்பார்கள்.

ஃப்ரேம் பார்த்து வாங்க

மாரினில் எல்லோரும் தேடி அலைந்தது, இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஷ்வின் கம்பெனி செய்த எக்செல்சியர் ஃப்ரேமை. அதன் ஹெட் ட்யூப் (ஹேண்டில் இறங்கும் முன்குழாய்) தரையோடு செய்யும் கோணம் சுமார் 68 டிகிரி. ரோடு சைக்கிளில் அது 73-ஐ ஒட்டி இருக்கும். கோணம் குறைந்து சாய்வு கூடும்போது முன்சக்கரம் தள்ளி நிற்கிறது, இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் நீள்கிறது. வேகமாக இறங்கும்போது ஹேண்டில் அடித்துக்கொள்ளாது, ஆள் முன்னால் கவிழ்வதும் குறையும்.

அசல் பெயின்டோடு போருக்கு முந்தைய ஃப்ரேம் கையில் கிடைத்தால் அதை வெட்டி ஒட்டாதீர்கள். சேகரிப்பவர்களிடம் விற்றுவிட்டு, போருக்குப் பிந்தைய சாதாரண பலூன் டயர் ஃப்ரேம் ஒன்றை வாங்குங்கள். வேலைக்கு அதுவே போதும்.

வாங்குமுன் டவுன் ட்யூபின் (ஹெட் ட்யூபிலிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாயின்) அடிப்பக்கம், ஹெட் ட்யூபுக்குப் பின்னால் இரண்டு விரற்கடைத் தூரத்துக்குள் விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் சுருங்கி அலைபோலத் தட்டுப்பட்டால் வண்டி எங்கோ முட்டியிருக்கிறது. ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும்: கால்களின் மேல்பாதி ஹெட் ட்யூபின் நேர்கோட்டிலேயே இறங்க வேண்டும். பின்னால் மடங்கியிருந்தால் நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள். மாற்றும்போது ஸ்டெமின் (ஹேண்டிலைத் தாங்கும் தண்டின்) அளவைக் கவனியுங்கள். ஷ்வினுக்கும் பழைய பி.எம்.எக்ஸ். ஃபோர்க்குக்கும் 21.15 மி.மீ.; மற்றவற்றுக்கு 22.2 மி.மீ. பெரியதைச் சின்னதில் அடித்து இறக்கினால் ஃபோர்க்கின் மேல்குழாயான ஸ்டியரர் பிளக்கும்.

போருக்கு முந்தைய பல சைக்கிள்களில் செயினின் பல் இடைவெளி 1 அங்குலம். இன்றைய அரை அங்குலச் செயின் அந்தப் பல்சக்கரத்தில் உட்காராது. அப்படி இருந்தால் செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கோஸ்டர் பிரேக்: கிரீஸ் மாற்றுவது

பெடலைப் பின்னால் அழுத்தினால் பின் ஹப்புக்குள்ளேயே பிடிப்பதுதான் கோஸ்டர் பிரேக். ஃபேர்ஃபாக்ஸ் அருகே பைன் மலையில் 1976 அக்டோபர் 21 அன்று தொடங்கிய இறக்கப் பந்தயத்தின் பெயரே 'ரீபேக்'. மறுபடி கிரீஸ் அடைப்பது என்று பொருள். சுமார் 3.4 கி.மீ. பாதையில் 400 மீட்டர் இறக்கம். ஆளும் சைக்கிளுமாக 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் செலவழிக்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 390 கிலோஜூல். அதில் பாதி மட்டும் ஒன்றரைக் கிலோ இரும்பு ஹப்புக்குள் வெப்பமாகப் போனாலே சூடு 250 டிகிரிக்கு மேல் ஏறும். உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். அதன் பிறகு பிரேக் பிடிக்காது, அல்லது திடீரென்று இறுகிக்கொள்ளும்.

ஆகவே நீங்கள் எதுவுமே மாற்றாமல் கோஸ்டர் பிரேக்கோடு ஓட்டுவதானாலும் இந்த வேலை தெரிந்திருக்க வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்னால், பிரேக் கையைச் செயின் ஸ்டேயோடு (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாயோடு) பிடித்திருக்கும் பட்டையின் போல்ட்டைக் கழற்றிவிடுங்கள். சக்கரத்தை எடுத்து, பிரேக் கை கீழே இருக்கும்படி ஆக்ஸிலை வைஸில் பிடியுங்கள். மேலே பல்சக்கரப் பக்கம் லாக் நட், கோன் (பால்ஸ் உருளும் கூம்பு நட்), பிறகு டிரைவர் (பல்சக்கரத்தைத் தாங்கும் துண்டு) என்ற வரிசையில் வரும். டிரைவர் சுருள் மரையில் உட்கார்ந்திருப்பதால் திருகித்தான் தூக்க வேண்டும். அதன்பின் ஹப்பை மேலே உருவும்போது உள்ளே ஷூக்கள் சரிந்து விழும், ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். பால்ஸ் கூண்டுகள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. திரும்பப் பூட்டும்போது அதிகம் தவறுவது இதில்தான்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பிறகு பாருங்கள். ஷூக்களின் முகம் கண்ணாடிபோல மினுங்கினால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் போதும். ஹப்பின் உள்சுவர் நீலம் பாய்ந்திருந்தால் அது பலமுறை வெந்தது. வேறு ஹப் பார்ப்பதே மேல். கோனில் குழி விழுந்திருந்தால் கோனும் பால்ஸும் புதிது.

கிரீஸ் அதிக வெப்பம் தாங்கும் வகையாக இருக்கட்டும், டிஸ்க் பிரேக் உள்ள கார்களின் சக்கர பேரிங்குக்குப் போடுவது சரி. பால்ஸ் கூண்டுகளில் நிறைய, சுருள் மரையில் தாராளமாக, ஷூக்களின் மேல் மெல்லிய பூச்சு. பிரேக்கில் போய் கிரீஸா என்று ஷூவை வறட்டாக விடுபவர்கள் உண்டு. இரும்போடு இரும்பு உரசும் பிரேக் இது. வறண்டால் கடித்துப் பிடித்துச் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கோனை முறுக்கும்போது ரிம்மில் ஒரு மி.மீ. ஆட்டம் மிச்சம் இருக்கட்டும். கடைசியாகப் பிரேக் கையின் பட்டை. அது தளர்ந்திருந்தால் முதல் அழுத்திலேயே கை சுழன்று, ஆக்ஸிலையும் கோனையும் முறுக்கிப் போட்டுவிடும். நீண்ட இறக்கத்துக்குப் பின் ஹப்பில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்காதீர்கள். தண்ணீர் உள்ளே புகுந்து, மிச்சமிருக்கும் கிரீஸையும் பால்போலக் கலக்கிவிடும்.

கியர் வந்தால் பிரேக் போகும்

1974 டிசம்பரில் மில் வேலியில் நடந்த சைக்ளோகிராஸ் என்ற மண்பாதைச் சைக்கிள் பந்தயத்துக்குக் கூப்பர்ட்டினோவிலிருந்து சிலர் டிரெய்லியர் கியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது) பூட்டிய பருத்த டயர் சைக்கிள்களோடு வந்தார்கள். மாரின்காரர்கள் அதைப் பார்த்தார்கள். ஃபிஷர் தன் பழைய ஷ்வினில் டிரெய்லியர் கியரையும், இருவர் மிதிக்கும் டாண்டம் சைக்கிளின் டிரம் பிரேக்கையும் மாட்டினார். டிரெய்லியரும் கோஸ்டர் பிரேக்கும் ஒன்றாக இருக்க முடியாது: பெடலைப் பின்னால் அழுத்தினால் டிரெய்லியரின் கை செயினைத் தொய்யவிடும். அதனால் கியர் மாட்டும் அன்றே கைப்பிரேக்கும் வேண்டும்.

பின்பக்க இடைவெளியை அளந்து பாருங்கள். கோஸ்டர் ஃப்ரேமில் 110 மி.மீ. இருக்கும். 5 பல்சக்கரம் உள்ள ஃப்ரீவீல் ஹப்புக்கு 120, 6 உள்ளதற்கு 126 வேண்டும். மாரின் வழியில் போவதானால் 5 போதும், 16 மி.மீ. விரிப்பதைவிட 10 மி.மீ. விரிப்பது ஃப்ரேமுக்கு நல்லது. இது இரும்பு ஃப்ரேமுக்கு மட்டுமே.

10 மி.மீ. மரை ராடு ஒன்றை இரு டிராப்அவுட்டுக்கும் (ஆக்ஸில் உட்காரும் காடிகளுக்கும்) நடுவில் வைத்து, நட்டுகளை வெளிப்பக்கமாகத் திருகி விரியுங்கள். 130 வரை தள்ளி விட்டுவிடுங்கள்; இரும்பு பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். அளந்து, 5 மி.மீ. கூட்டி மறுபடி. ஒவ்வொரு முறையும் செயின் ஸ்டேயின் நடுவே உள்ள குறுக்குத் துண்டின் வெல்டிங்கைப் பார்த்துக்கொள்ளுங்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும். அளவு வந்ததும் நூல் பிடியுங்கள்: ஒரு டிராப்அவுட்டில் கட்டி, ஹெட் ட்யூபைச் சுற்றி, மற்றதற்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். சீட் ட்யூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் 1 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் ஒரு ஸ்டே மட்டும் வளைந்திருக்கிறது. அதைத் தனியாகக் கையால் இழுத்துச் சரிசெய்யலாம். டிராப்அவுட்டுகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லையென்றால் ஃப்ரீவீல் பக்கம் ஆக்ஸில் சில வாரங்களில் ஒடியும். கியர் சரியாகத்தான் இருந்தது, ஆக்ஸில்தான் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை.

கிராங்க் ஒற்றைத் துண்டாக இருக்கும். இடது பக்கக் கோனும் நட்டும் இடது மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் குழாய் போட்டு முறுக்கிக் கெடுத்தவை ஏராளம். அது போனதும் மிஞ்சும் ஓட்டையின் விட்டம் 51.3 மி.மீ. மூன்று துண்டுக் கிராங்கைப் பூட்ட அடாப்டர் வளையங்கள் கிடைக்கும். ஓட்டையின் உள்ளே உள்ள பெயின்டையும் பிசிறையும் அரத்தால் சுத்தமாக எடுத்துவிட்டுப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் ஏற்றத்தில் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்து ஒருநாள் கழன்றுவிடும். பழைய பெடல் இதில் சேராது: ஒற்றைத் துண்டுக் கிராங்குக்கு அரை அங்குல மரை, மூன்று துண்டுக்கு 9/16 அங்குலம்.

டி.ஏ. கிராங்கை அவர்கள் விரும்பியதற்குக் காரணம், அதில் 26 பல் வரை சின்னச் சக்கரம் போட முடிந்தது. முன்னால் 26, பின்னால் 28 என்றால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 1.9 மீட்டர். நடப்பதைவிடச் சற்றே வேகம், ஆனால் உட்கார்ந்தபடியே ஏறலாம்.

சக்கரம், பிரேக், லீவர்

டயர் 26 × 2.125, ரிம்மின் டயர் உட்காரும் விட்டம் 559 மி.மீ. 26 × 1 3/8 என்று எழுதிய ரிம் 590 மி.மீ., அதில் இது ஏறாது. '26' என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கி வராதீர்கள்.

1980-ஐ ஒட்டி இந்த அளவில் அலுமினிய ரிம்களும் மெல்லிய சுவர் டயர்களும் வந்தன. கிளங்கரை நல்ல சைக்கிளாக்கியது எல்லாவற்றையும்விட இதுதான் என்பது எங்கள் கருத்து. எடை சில கிலோ குறைந்ததோடு, ரிம்மைப் பிடிக்கும் கேன்டிலீவர் பிரேக் ஈரத்திலும் நம்பும்படி ஆனது அதனால்தான். குரோம் பூசிய இரும்பு ரிம்மில் மழையில் பிரேக் கட்டை வழுக்கும். 36 ஓட்டை, 2 மி.மீ. ஸ்போக்ஸ், மூன்று குறுக்கு என்று பின்னுங்கள். கோட்டம் எடுத்து முடித்ததும் ஸ்போக்ஸை இரண்டிரண்டாகக் கையால் நெருக்கி முறுக்கை விடுவித்து, மறுபடி ஒருமுறை கோட்டம் பாருங்கள். காற்று 70 கிலோ ஆளுக்கு 25 முதல் 35 பி.எஸ்.ஐ.

டிரம் பிரேக்கானால் எதிர்விசைக் கையை ஃபோர்க் காலில் உறுதியாகக் கட்ட வேண்டும். மெல்லிய காலுள்ள பழைய ஃபோர்க் அதில் முறுகும். கேன்டிலீவரானால் பிரேக் குமிழ்களைப் பித்தளையில் பற்றவைக்க வேண்டும், ஆக்ஸில் மையத்திலிருந்து சுமார் 255 மி.மீ. மேலே. பற்றவைக்கும் முன் கையில் உள்ள பிரேக்கை உண்மையான ரிம்மோடு வைத்துப் பார்த்துக் குறியிடுங்கள். பிரேக் கட்டையின் முன்முனை ரிம்மை 1 மி.மீ. முந்தித் தொடட்டும், கத்தாது.

லீவர் விஷயத்தில் மகூராவையே பிடிவாதமாகத் தேட வேண்டியதில்லை. நான்கு விரலும் பிடிக்கும் நீளமும், கனத்த கேபிளும் இருந்தால் சரி.

ஃப்ரேமே தோற்றால்

இவ்வளவும் செய்தபின் பலவீனமான பாகம் அந்தப் பழைய ஃப்ரேம்தான் என்பது தெரியும். மாரினிலும் அப்படித்தான் தெரிந்தது. ஜோ ப்ரீஸ் 1977-இல் குரோமோலி குழாயில் தன் முதல் சைக்கிளைக் கட்டினார், தொடர்ந்து இன்னும் ஒன்பது. முதலாவது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரிட்சி 1979-இல் கட்டியவற்றில் குழாய் மூட்டுக்கு லக் (இரு குழாய்களைச் சேர்க்கும் உறை) கிடையாது, பித்தளையை வழித்துப் பற்றவைத்தார். தடித்த குழாய்களுக்குப் பொருந்தும் லக்குகள் அப்போது கடையில் இல்லை; லக்கை விட்டுவிட்டதால் வேண்டிய விட்டத்தில் குழாய் எடுக்க முடிந்தது.

கையால் கட்டிய ஃப்ரேமுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது, விலையும் அதிகம். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் மைக் சின்யார்ட் ஜப்பானில் செய்வித்த ஸ்டம்ப்ஜம்பரைச் சுமார் 750 டாலருக்குக் கொண்டுவந்தார். 'மவுண்டன்பைக்' என்ற பெயருக்கு வணிகமுத்திரை வாங்கும் முயற்சியும் ஃபிஷருக்கும் கெல்லிக்கும் பலிக்கவில்லை, பெயர் ஊர்ச்சொத்தாயிற்று. 1983-இல் இருவரும் பிரிந்தார்கள். ஃபிஷர் தன் பெயரில் நடத்திய கம்பெனியை 1993-இல் டிரெக் வாங்கியது.

உங்கள் குரூசர் ஃப்ரேம் விரிசல் விட்டால், அந்த எண்பதுகளின் தொடக்க ஜப்பான் ஃப்ரேம் ஒன்றுக்கு இதே பாகங்களில் பெரும்பாலானவற்றை மாற்றிக்கொள்ளலாம். மூன்று துண்டுக் கிராங்குக்கான மரை அதிலேயே இருக்கும், அடாப்டர் வேண்டாம். பின் இடைவெளியை மட்டும் அளந்து ஆக்ஸிலில் வாஷர் சேருங்கள். அவற்றோடு ஸ்டெமும் ஹேண்டிலும் ஒரே முக்கோணமாக வெல்டு செய்த புல்மூஸ் ஹேண்டில்பார் வந்தால், மாட்டும் முன் மூட்டு ஓரங்களைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். தலைமுடிபோலத் துருக்கோடு ஒன்று ஓடினாலும் அதைச் சுவரில் தொங்கவிடலாம், வண்டியில் பூட்டக் கூடாது.