குட்வுட் ரிவைவலுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

இங்கிலாந்தின் சிசெஸ்டர் நகருக்குப் பக்கத்தில் ஆண்டுதோறும் செப்டம்பரில் பழைய கார்களின் பந்தய விழாவான குட்வுட் ரிவைவல் நடக்கிறது. இரண்டாம் உலகப்போர் கால விமானத் தளம் ஒன்றைச் சுற்றிப் போன சாலைதான் பந்தயத் தடம். நீளம் சுமார் 3.8 கிலோமீட்டர். 1948 முதல் 1966 வரை இங்கே பந்தயங்கள் நடந்தன. கார்களின் வேகம் கூடிப்போனதால் மூடிவிட்டார்கள். தடம் திறந்து சரியாக 50 ஆண்டுகள் ஆன 1998-ல், அதே காலத்துக் கார்களோடு மறுபடி தொடங்கினார்கள்.

பலர் இதைக் கார் கண்காட்சி என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன. இங்கே வரும் கார்கள் நிஜமாகவே பந்தயம் ஓட வருகின்றன. கோடிக்கணக்கில் விலைபோகும் ஃபெராரி, கோப்ரா ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒன்றையொன்று உரசுகிற நெருக்கத்தில் ஓடும்.

வாசலில் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள், முன்பதிவு மட்டும்தான். உடையிலும் கவனம் வேண்டும். கார்களைத் தயார்செய்யும் பேடாக்குக்குள் போக உங்கள் டிக்கெட்டில் அனுமதி உண்டா என்று முன்பே பாருங்கள். அனுமதி இருந்தாலும் ஜீன்ஸ், டி-ஷர்ட்டில் விடமாட்டார்கள். ஆண்கள் கோட்டும் டையும் அணிந்திருக்க வேண்டும். நம் பெண்களுக்குக் கவலையே இல்லை. பாட்டி கட்டிய ஐம்பதுகளின் சேலையைவிட அந்தக் காலத்துக்குப் பொருத்தமான உடை எது? செருப்பு மட்டும் தட்டையாக இருக்கட்டும், நாள் முழுக்கப் புல்தரையில்தான் நடை.

பேடாக்குக்குள் போனதும் கை தானாக பானெட்டை நோக்கிப் போகும். தொடாதீர்கள். இந்தக் கார்கள் பலவற்றின் உடல் கையால் தட்டி வளைத்த மெல்லிய அலுமினியத் தகடு. சும்மா சாய்ந்தாலே குழி விழுந்துவிடும்; பெல்ட் கொக்கியோ தோளில் தொங்கும் கேமராவோ உரசினால் கீறல்தான். கோப்ரா மாதிரியான கார்களில் எக்ஸாஸ்ட் குழாய் கதவுக்குக் கீழே, வெளிப்பக்கமாகவே ஓடும். சின்னக் குழந்தை கை வைக்கிற உயரம் அது. தடத்திலிருந்து இப்போதுதான் வந்த கார் என்றால் தோல் பொசுங்கிவிடும்.

பேடாக்கில் விசில் சத்தம் கேட்டால் கார் வருகிறது என்று அர்த்தம், உடனே ஒதுங்குங்கள். “ஓட்டுநரே நிறுத்துவார்” என்று படம் எடுத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நீண்ட பானெட்டுக்குப் பின்னால் தாழ உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு முன்னால் நிற்பவரின் கால் தெரியாது. அப்புறம், பழைய பந்தயக் கார்கள் பலவற்றில் ரேடியேட்டருக்கு ஃபேனே கிடையாது. ஓடும்போது அடிக்கும் காற்றுதான் தண்ணீரைக் குளிர வைக்கும். கூட்டத்துக்குள் சில நிமிடம் நிறுத்தினாலே இன்ஜின் கொதிக்க ஆரம்பித்துவிடும். அந்த ஓட்டுநரின் பந்தயம் தொடக்கக் கோட்டைத் தொடும் முன்பே கெட்டுப்போகும்.

சத்தத்தையும் குறைவாக எடைபோடாதீர்கள். சைலன்சர் என்று பேருக்குக்கூட எதுவும் இல்லாத கார்கள் வரும். 1950-ல் முதல் பந்தயத்துக்கு வந்த பிஆர்எம் வி16 என்ற பிரிட்டிஷ் பந்தயக் கார் அருகில் அலறும்போது நெஞ்சுக்கூடே அதிரும். குழந்தைகளுக்குக் காதை முழுக்க மூடும் கவசமும், பெரியவர்களுக்கு இயர் பிளக்கும் கட்டாயம்.

ஆனால் என்னைக் கேட்டால், பெரிய தவறு நாள் முழுக்க ஸ்டாண்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான். நேர்ப்பாதையில் கார் வரும், போகும், அவ்வளவுதான். எழுந்து செயின்ட் மேரிஸ் வளைவுக்கு நடந்து போங்கள். இன்றைய பந்தயக் கார் வளைவில் தண்டவாளத்தில் போகிற மாதிரி ஒட்டிக்கொண்டு போகும். இந்தக் கார்களுக்கு ஒல்லி டயர். தரையோடு அழுத்திப் பிடிக்க இறக்கையும் இல்லை. அதனால் நான்கு சக்கரமும் சேர்ந்து வழுக்கும். ஓட்டுநர் வளைவுக்கு எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கை ஒடித்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் தளர்த்தியும் அந்த வழுக்கலை வளைவு முடியும்வரை கட்டிக்காப்பார். கூரை இல்லாத கார் என்றால் அவர் கைகள் ஓயாமல் வேலை செய்வதை நீங்களே பார்க்கலாம். 1962-ல் பிரிட்டிஷ் பந்தய வீரர் ஸ்டிர்லிங் மாஸ் மோதி, பெரும் பந்தயங்களிலிருந்தே விலக நேர்ந்ததும் இந்த வளைவில்தான். அங்கே நின்று பார்த்தால், இந்த ஓட்டுநர்கள் எதைப் பணயம் வைக்கிறார்கள் என்பது புரியும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒன்று: ஷட்டர் ஸ்பீடை 1/1000 வைத்தால் சக்கரம் உறைந்து, நிறுத்தி வைத்த கார் மாதிரி இருக்கும். 1/125 அளவுக்கு இறக்கி, காரோடு சேர்த்துக் கேமராவையும் திருப்புங்கள்.

மெக்கானிக்கிடம் “விலை என்ன?”, “எல்லாம் ஒரிஜினலா?” என்று ஆரம்பிக்காதீர்கள். பந்தயக் கார் என்றால் மோதியிருக்கும், இன்ஜின் மாறியிருக்கும், உடலையே புதிதாகக் கட்டியிருப்பார்கள். சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏ தரும் பழைய கார்ச் சான்றிதழ்கூட, கார் அந்தக் காலத் தொழில்நுட்ப அளவுகளுக்கு ஒத்துப்போகிறது என்றுதான் சொல்கிறது. அதன் பூர்வீகத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. “இந்த சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) எந்தப் பந்தயங்களில் ஓடியது?” என்று கேளுங்கள், கதை கொட்டும். கேட்கச் சரியான நேரம் கடைசிப் பந்தயத்துக்குப் பிறகு. எல்லாரும் கார் பார்க்கிங்குக்கு ஓடி, குறுகிய கிராமத்துச் சாலையில் வரிசையில் நிற்கிற அந்த நேரத்தில், பேடாக்கில் மெக்கானிக்குகளுக்கு அன்று முதல்முறையாகப் பேச நேரம் கிடைத்திருக்கும்.