அப்பா பெயரில் இருக்கும் வீடு: வாரிசுகள் பெயருக்கு மாற்ற என்னென்ன செய்ய வேண்டும்?

அப்பா இறந்து பத்து, இருபது வருஷம் ஆன பிறகும் வீடு அவர் பெயரிலேயே கிடப்பது தமிழ்நாட்டில் சகஜம். குடியிருக்கிறோம், வரி கட்டுகிறோம், யாரும் எதுவும் கேட்பதில்லை. விற்கவோ கடன் வாங்கவோ போகும்போதுதான் "பட்டா யார் பேர்ல இருக்கு?" என்ற கேள்வி வரும். உடனே எல்லோரும் பட்டா மாற்றத்தான் ஓடுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அந்த வீட்டில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை முதலில் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே பிசகினால், அதற்குப் பிறகு எழுதும் ஒவ்வொரு பத்திரமும் பிசகும்.

இங்கே நான் சொல்வது தமிழ்நாட்டில் உள்ள வீட்டுக்கு. பங்குக் கணக்கு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கு மாறும், அதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்திரம், வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல்), பட்டா எல்லாம் யாருக்கும் ஒரே நடைமுறைதான்.

படி 1: உயில் இருக்கிறதா என்று தேடுங்கள்

பீரோ, லாக்கர், அப்பாவின் பழைய ஃபைல் எல்லாவற்றையும் பாருங்கள். உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெள்ளைத் தாளில் எழுதி, அவர் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருந்தால் அதுவும் உயில்தான். பதிவு செய்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். ஆனால் வில்லங்கச் சான்றில் உயில் வராது, அதற்குத் தனிப் புத்தகம். இறப்புச் சான்றிதழைக் காட்டித் தனியாக நகல் கேட்டு வாங்க வேண்டும்.

அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். ஒரு மகனுக்கே முழுவதையும் கொடுத்தாலும் செல்லும். உயிலைப் பற்றிச் சந்தேகம் கிளம்பினால், உயிரோடு இருக்கும் சாட்சி ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதனால் உயில் கையில் கிடைத்ததும் சாட்சிகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள்.

படி 2: வாரிசுகள் யார், யாருக்கு எவ்வளவு?

உயில் இல்லை என்றால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பேசும். இறந்தவரின் மனைவி, மகன்கள், மகள்கள், அம்மா எல்லோருக்கும் சமபங்கு. கல்யாணமாகிப் போன மகளுக்கும் அதே பங்குதான். "நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, இனி அவளுக்கு என்ன பங்கு?" என்று வீட்டுக்குள் பேசலாம், சட்டத்தில் அதற்கு இடமில்லை. மகள் தன் பங்கு வேண்டாம் என்று வாயால் சொன்னாலும் போதாது, பத்திரமாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும்.

இறந்தவரின் அப்பா இந்த முதல் வரிசையில் வரமாட்டார், அம்மா வருவார். பல குடும்பங்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் இறக்கிறார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், வயதான அம்மா இருக்கிறார்கள். மொத்தம் ஐந்து பேர், ஆளுக்கு 1/5. வீட்டில் யாரும் பத்திர வேலையைத் தொடவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பாட்டியும் உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார், தாத்தா ஏற்கனவே இல்லை. அப்போது பாட்டியின் 1/5 எங்கே போகும்? அவருடைய பிள்ளைகளுக்கு. இறந்தவரோடு பாட்டிக்கு இன்னொரு மகனும் ஒரு மகளும் இருந்தால், அந்த 1/5 மூன்றாகப் பிரியும். சித்தப்பாவுக்கு 1/15, அத்தைக்கு 1/15, இறந்தவரின் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து 1/15. அதாவது இந்த வீட்டை விற்க வேண்டுமானால் இப்போது சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பாட்டி இருந்தபோதே அவர் பங்குக்குப் பத்திரம் எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. வருஷக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

"இது தாத்தா வாங்கிய வீடு, பூர்வீகச் சொத்து, பேரனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு" என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். எப்போதும் அப்படியில்லை. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, 1956 சட்டம் வந்த பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், அப்பாவுக்கு வந்த பங்கு அவருடைய தனிச்சொத்து. உச்ச நீதிமன்றம் 1986இலேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டது. உண்மையிலேயே கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தாக இருந்தால் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு. 2005 செப்டம்பர் 9ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம் அது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வீடு அம்மா பெயரில் இருந்து அம்மா இறந்திருந்தால் கணக்கு வேறு. கணவருக்கும் மகன், மகள்களுக்கும் சமபங்கு. கிறிஸ்தவர்களுக்கு, உயில் இல்லாவிட்டால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்குச் சமமாக மீதியும் போகும். முஸ்லிம்களுக்கு ஷரீஅத்தில் சொன்ன பங்குகள். அங்கே உயில் எழுதினாலும் மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது.

படி 3: இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ்

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். சான்றிதழில் பெயர் எழுத்துக்கு எழுத்து வீட்டுப் பத்திரத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரத்தில் "கு. இராமசாமி", சான்றிதழில் "ராமசாமி கே" என்று இருந்தால், பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க நேரும்.

வாரிசு சான்றிதழைத் தாசில்தார் கொடுக்கிறார். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், விஏஓவும் (கிராம நிர்வாக அலுவலர்) ஆர்ஐயும் (வருவாய் ஆய்வாளர்) விசாரித்து அனுப்புவார்கள். எல்லா வாரிசுகளின் பெயரையும் கொடுங்கள். ஒரு தங்கையின் பெயரை விட்டுவிட்டுச் சான்றிதழ் வாங்குவதால் அவருடைய பங்கு காணாமல் போகாது. அந்தச் சான்றிதழை வைத்து எழுதிய பத்திரம்தான் பிறகு வழக்குக்குப் போகும்.

வாரிசு சான்றிதழ் வேறு, நீதிமன்றம் கொடுக்கும் வாரிசுரிமைச் சான்று வேறு. இரண்டாவது, வங்கி இருப்பு, பங்குகள் போன்ற கடன், பத்திர வகையறாவுக்கு. வீட்டுக்காக அதை வாங்க அலைய வேண்டியதில்லை. அதேபோல் நாமினியாகப் பெயர் இருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை.

படி 4: வில்லங்கம் போட்டுப் பாருங்கள்

பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். சர்வே எண்ணும் கிராமமும் கொடுத்தால் போதும். ரொம்பப் பழைய வருஷங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு வாங்க வேண்டும்.

அதில் ஒவ்வொரு பதிவுக்கும் ஆவண எண்ணும் ஆண்டும், தேதிகள், ஆவணத்தின் தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை, முந்தைய ஆவண எண், சொத்து விவரம் என்று வரிசையாக இருக்கும். முதலில் "தன்மை" கட்டத்தில் விரலை வைத்துக் கீழே வாருங்கள். கிரையம் என்றால் விற்பனை. அடமானம் என்றோ உரிமை ஆவண ஒப்படைப்பு என்றோ இருந்தால் கடன். அப்படி ஒன்று கண்ணில் பட்டால், பிற்பாடு அதே ஆவண எண்ணைக் குறிப்பிட்டு கடன் அடைந்ததைக் காட்டும் ஒரு ரசீது ஆவணம் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால், கடன் எப்போதோ அடைந்து போயிருந்தாலும் வில்லங்கத்தில் அது நின்றுகொண்டே இருக்கும். அந்த வங்கியை வரவழைத்து ரசீது போட வையுங்கள். அடுத்து, அப்பா எழுதி வாங்கிய ஆவணத்துக்குப் பிறகு அவர் எழுதிக் கொடுத்தவராக எங்காவது வருகிறாரா என்று பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஒரு செட்டில்மெண்ட்டோ விற்பனை ஒப்பந்தமோ பதிவாகியிருக்கலாம்.

வில்லங்கம் சுத்தமாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். பதிவு செய்யாத ஒப்பந்தம் அதில் தெரியாது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கும் பெரும்பாலும் தெரியாது.

மூலப்பத்திரம் தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்குங்கள். நாளிதழில் விளம்பரம் கொடுங்கள். சார்பதிவாளரிடம் சான்றிட்ட நகல் வாங்குங்கள். மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் வங்கியோ வாங்குபவரோ பேசவே உட்காருவார்கள்.

படி 5: வீட்டின் மேல் கடன் இருந்தால்

வாங்கியவர் இறந்துவிட்டார் என்பதால் கடன் மறைந்துவிடாது. வீடு வாரிசுகளுக்கு வரும்போது கடனோடுதான் வரும். ஆனால் அப்பா விட்டுப்போன சொத்தின் மதிப்புக்கு மேல், ஜாமீனோ கூட்டுக் கடனோ போடாத வாரிசின் சொந்தப் பணத்தைத் தொட முடியாது. கடனோடு காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். பலர் கடன் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டுக்குள் அந்த பாலிசி இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

தவணையை நிறுத்திவிடாதீர்கள். 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் வாராக்கடன் ஆகும். பிறகு 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டையே எடுக்கப் போகலாம். இறப்பை எழுத்தில் தெரிவித்து, வாரிசுகளில் யார் பெயருக்குக் கடனை மாற்றலாம் என்று கேளுங்கள்.

வட்டி அதிகம் என்று வேறு வங்கிக்கு மாற்ற நினைத்தால், மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வசூலிக்கக் கூடாது. பழைய வங்கியிடம் பாக்கித் தொகைக் கணக்கும், அவர்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலும் எழுத்தில் வாங்குங்கள். வீடு இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால் புதிய வங்கி தயங்கும். முதலில் அடுத்த படியை முடித்துவிடுங்கள்.

முழுக் கடனும் அடைந்தால் 30 நாட்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2023 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. கடன்தாரர் இறந்திருந்தால் வாரிசுகளுக்குப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் நடைமுறையை வங்கி எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள்.

படி 6: எந்தப் பத்திரம்?

ஒருவர் வீட்டை வைத்துக்கொள்ள, மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதானால் விடுதலைப் பத்திரம். மாடி ஒருவருக்கு, கீழ்தளம் ஒருவருக்கு என்று பிரித்துக்கொண்டால் பாகப்பிரிவினை. உயிரோடு இருக்கும் அம்மா தன் பங்கை ஒரு பிள்ளைக்கு இப்போதே கொடுப்பதானால் செட்டில்மெண்ட். குடும்ப உறுப்பினர்களுக்குள் இவற்றுக்கு முத்திரைத் தீர்வை 1%, பதிவுக்கட்டணம் 1%. 2023 ஜூலை 10 முதல் உச்சவரம்பு முறையே 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும். வெளியாருக்கு விற்கும் கிரையத்துக்கு 7 சதவீதமும் 2 சதவீதமும் ஆகிறதே, அதோடு ஒப்பிட்டால் இது பெரிய சலுகை. முன் சொன்ன சித்தப்பா, அத்தை போன்றவர்கள் எழுதிக் கொடுத்தால் சலுகை பொருந்துமா என்று பத்திரம் தயாரிக்கும் முன்பே சார்பதிவாளரிடம் கேட்டுவிடுங்கள்.

வாரிசுகளில் 18 வயது நிரம்பாத பிள்ளை இருந்தால் நிதானமாக நடங்கள். அந்தப் பிள்ளைக்கு வந்த தனிப்பங்கை அம்மாவே ஆனாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கவோ விட்டுக்கொடுக்கவோ கூடாது. மீறினால், பிள்ளை வளர்ந்தபின் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அண்ணன் இறந்து, அண்ணி சின்னப் பிள்ளைகளோடு இருக்கும் வீடுகளில் இதை மறைத்து அவசரமாகக் கையெழுத்து வாங்குவதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. அந்தக் குழந்தைகளின் பங்கு அவர்களுடையது.

வெளிநாட்டில் இருக்கும் வாரிசு வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி அனுப்பலாம். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். எந்த வீடு, என்ன செய்ய அதிகாரம் என்று பவரில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

படி 7: பட்டா, வரி, மின்சாரம்

பத்திரம் பதிவானதும் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். வாரிசுகள் யாரும் பிரித்துக்கொள்ளவில்லை என்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசு சான்றிதழும் கொடுத்து எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா கேட்கலாம். பட்டா வருவாய்த்துறையின் பதிவு. பத்திரத்தில் இல்லாத உரிமையை அது தந்துவிடாது. ஒரே அண்ணன் பெயரில் பட்டா வந்துவிட்டது என்று தங்கைகள் பயப்படவும் வேண்டாம், அண்ணன் நிம்மதியாகத் தூங்கவும் வேண்டாம்.

வாரிசாக வீடு கிடைத்ததற்கு வருமான வரி கிடையாது. பிறகு விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. அதற்கு அப்பா வாங்கிய விலையும் வாங்கிய தேதியும் கணக்கில் வரும், 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதென்றால் அன்றைய நியாயமான மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அப்பாவின் பழைய கிரையப் பத்திரத்தையும், வீடு கட்டிய செலவுக்கான ரசீதுகளையும் அதனால் பத்திரமாக வையுங்கள். சொத்துவரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு மூன்றிலும் பெயரை மாற்றுங்கள். சொத்துவரியில் பாக்கி இருந்தால் அதை முதலில் கட்டிவிட்டுப் போனால் ஒரு நடை மிச்சம்.