எண்பதாயிரம் ரூபாய் போன்: கணக்கு எங்கே தப்புகிறது?

ஓசூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் 2024 தீபாவளிக்கு 79,900 ரூபாய் கொடுத்து ஐபோன் 16 வாங்கினான். "இதுக்கான பாகமெல்லாம் நம்ம மாவட்டத்துலயே செய்யறாங்க மாமா" என்று பெருமை வேறு. பேச்சு உண்மைதான், ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோன் பாகங்கள் தயாராகின்றன. அதற்காக விலை குறையுமா? அந்தத் தொகைக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் 12,000 ரூபாய்க்கு மேல். கிருஷ்ணகிரியில் வாங்கினாலும் மும்பையில் வாங்கினாலும் அதில் மாற்றமில்லை.

அவன் செய்த தப்பு, தவணையை மட்டும் பார்த்தது. "மாசம் மூவாயிரத்துச் சொச்சம்தான்" என்று கடையில் சொன்னால் எண்பதாயிரம் கண்ணில் படுவதில்லை. வட்டியில்லாத் தவணை என்பதிலும் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி கொடுத்து ஈடுகட்டுகிறார்கள், அவ்வளவுதான். வட்டி 6,000 ரூபாய் என்றால் அதன் மேல் வரும் 1,080 ரூபாய் ஜிஎஸ்டி நம் தலையில். பிராசஸிங் கட்டணம் தனி. ரொக்கமாக வாங்கினால் என்ன விலை என்று கேட்டுவிட்டு அப்புறம் தவணையைப் பேசுங்கள்.

அடுத்து, வருடக் கணக்கு. சாம்சங் எஸ்24, பிக்சல் 8 போன்றவற்றுக்கு 7 வருடம் மென்பொருள் அப்டேட் உண்டு என்று கம்பெனிகள் அறிவித்திருக்கின்றன. 80,000 ரூபாய் போனை 7 வருடம் வைத்திருந்தால் வருடத்துக்கு சுமார் 11,400. நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டிவரும். 20,000 ரூபாய் போன் மூன்றே வருடத்தில் போனாலும் வருடத்துக்கு 6,700தான். இரண்டு வருடத்துக்கொரு முறை போன் மாற்றுகிறவருக்கு அந்த 7 வருட வாக்குறுதியால் என்ன லாபம்? பழசை விற்கும்போது கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், சரி.

"தண்ணியில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்று நம்பி ஒகேனக்கல் பரிசலில் போனை நீட்டிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பக்கென்றிருக்கும். போனுக்குத் தண்ணீர், தூசிக் காப்பு உண்டு என்று காட்டும் ஐபி68 தரம், ஆய்வகத்தில் நல்ல தண்ணீரில் பார்த்த சோதனை. அருவி மோதும் வேகம் அதில் சேராது. நாளாக நாளாக அந்தக் காப்பும் தேயும். தண்ணீர் புகுந்தால் பெரும்பாலும் வாரண்டியும் கிடையாது.

வெயிலும் அப்படித்தான். ஐபோனை 35 டிகிரி வரையிலான சூட்டில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். தருமபுரி சித்திரை வெயிலில் வண்டி டேஷ்போர்டில் வைத்தால், எந்த விலைப் போனானாலும் பேட்டரி சீக்கிரம் தளரும்.

கேமராவுக்காக வாங்குகிறீர்களா? கல்யாண வீடியோ எடுப்பவர், துணிக்கடைக்கு ரீல்ஸ் போடுபவர் தாராளமாக வாங்கலாம்; போட்ட காசு திரும்பும். எடுத்த படமெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குத்தான் என்றால், அது படத்தைச் சுருக்கித்தான் காட்டும். யுபிஐயில் பணம் அனுப்ப பத்தாயிரம் ரூபாய் போனே போதும்.

ஆசை விடவில்லை என்றால் புது மாடல் வரும்வரை பொறுங்கள். 2023-இல் 79,900 ரூபாய்க்கு வந்த ஐபோன் 15, அடுத்த செப்டம்பரில் ஐபோன் 16 வந்ததும் 69,900 ஆனது. என் அக்கா மகனிடம் அப்போதே இதைச் சொன்னேன். "அது பழசு மாமா" என்றான்.